சமமாக இருந்த இறுதிக்கட்டம் ஏன் தோற்கிறது? நடுப்பலகையிலிருந்து பிழை தேடும் வழிமுறை

வன்னியின் பாடசாலைகளில் சதுரங்கம் பழகும் பிள்ளைகள் தொடக்க நகர்வுகளைக் கைத்தொலைபேசியில் பார்த்தே ஓரளவு நன்றாகக் கற்றுவிடுகிறார்கள். நடு ஆட்டத்திலும் அவர்கள் எளிதில் காய்களை இழப்பதில்லை. ஆனால் அரசிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய், இரு பக்கமும் சிப்பாய்கள் சரிசமமாக நிற்கும்போது ஆட்டம் மெல்லக் கைநழுவுகிறது. எந்த நகர்வில் பிழை நடந்தது என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியவில்லை, பொறுப்பாசிரியருக்கும் தெரியவில்லை. "கணக்குப் பிழைத்துவிட்டது" என்று சொல்லிப் பதிவுத்தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாள்களை ஒழுங்காகப் படித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: நடுப்பலகை எதிராளியிடம் இருந்தது, அதிலும் குறிப்பாக எதிராளியின் அரசன் அங்கே முதலில் போய்ச் சேர்ந்திருந்தான்.

இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிறது. உங்கள் ஆட்டத்தில் கண்ட அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படிக்கலாம். ஆனால் பலகையைப் பற்றிய அடுத்த சில பத்திகளை அனைவரும் படிக்கவேண்டும்.

நிரல்களை வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், நிரைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கிறேன். டி4, ஈ4, டி5, ஈ5 ஆகிய நான்கும் பலகையின் மையம். அவற்றைச் சுற்றியுள்ள கட்டங்களையும் சேர்த்து, சி3 முதல் எஃப்6 வரையான 16 கட்டங்களை இங்கே நடுப்பலகை என்கிறேன்.

வெறும் பலகையில் ஒவ்வொரு காயும் எத்தனை கட்டங்களுக்குப் போகமுடியும் என்று எண்ணிப் பாருங்கள். மூலையில் நிற்கும் அரசனுக்கு 3 கட்டங்கள், நடுவில் நிற்கும் அரசனுக்கு 8. குதிரைக்கு மூலையில் 2, நடுப்பலகையின் 16 கட்டங்களில் எதில் நின்றாலும் 8. மந்திரிக்கு ஓரத்தில் 7, மையத்தில் 13. அரசிக்கு ஓரத்தில் 21, மையத்தில் 27. கோட்டைக்கு மட்டும் எங்கே நின்றாலும் 14 தான். கோட்டை இறுதிக்கட்டங்கள் தனிக் குணம் உடையவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் அதைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

கட்டங்களின் எண்ணிக்கையைவிடத் தூரம் முக்கியமானது. டி4 இல் நிற்கும் அரசன் பலகையின் எந்தக் கட்டத்துக்கும் கூடியது 4 நகர்வுகளில் போய்விடுவான். ஏ1 இல் நிற்பவனுக்கோ எட்டாவது நிரைக்கும் எச் நிரலுக்கும் போக 7 நகர்வுகள் வேண்டும். மாங்குளம் சந்தியில் நிற்பவர் வடக்கே கிளிநொச்சிக்கும் தெற்கே வவுனியாவுக்கும் கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவிக்கும் நேரே புறப்படலாம். முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்பவர் மல்லாவிக்குப் போவதானால் முதலில் மாங்குளத்துக்கு வந்தாகவேண்டும். இறுதிக்கட்டத்தில் மையம் அப்படிப்பட்ட இடம். எந்தப் பக்கம் போவது என்று இன்னும் முடிவாகாத அரசன் காத்திருக்கவேண்டிய இடமும் அதுவே.

தொடக்க ஆட்டத்தில் நாம் மையத்தைச் சிப்பாய்களாலும் குதிரைகளாலும் பிடித்து, அரசனை ஓரத்தில் ஒளித்து வைக்கிறோம். அங்கே அது சரி, ஏனெனில் அரசி ஒருத்தி இருக்கும்வரை நடுவில் நிற்கும் அரசனைச் சுற்றி வளைத்துவிடலாம். அரசிகள் போனதும் அந்த ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. அதுவரை பாதுகாக்கப்பட்டவன் அப்போதிருந்து போரிடும் காயாகிறான். இந்த மாற்றத்தை மனம் ஏற்காததுதான் கீழே வரும் பிழைகள் பலவற்றின் வேர்.

பிழை தேடுமுன் செய்யவேண்டியது

தோற்ற ஆட்டத்தின் பதிவுத்தாளை எடுத்து, அரசிகள் பரிமாறப்பட்ட நகர்வை முதலில் வட்டமிடுங்கள். அடுத்த 8 நகர்வுகளில் உங்கள் அரசன் எத்தனை முறை நகர்ந்தான், எதிராளியின் அரசன் எத்தனை முறை நகர்ந்தான் என்று எண்ணி ஓரத்தில் எழுதுங்கள். பிறகு, உங்கள் முதலாவது சிப்பாய் வெட்டப்பட்ட நகர்வில் இரு அரசர்களும் எந்தக் கட்டங்களில் நின்றார்கள் என்று பலகையில் வைத்துப் பாருங்கள். எதிராளியின் அரசன் நடுப்பலகையிலும் உங்கள் அரசன் முதல் இரண்டு நிரைகளிலும் நின்றிருந்தால் கடைசி நகர்வுகளில் பிழை தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். ஆட்டம் அதற்கு முன்பே திரும்பிவிட்டது.

அறிகுறி: அரசிகள் போன பிறகு, சமமாக இருந்த சிப்பாய்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன

இதுவே மிகச் சாதாரணமான அறிகுறி. ஜி1 இல் ஒளிந்த அரசன், அரசிகள் பரிமாறப்பட்ட பின்பும் ஜி1 இலேயே நிற்கிறான். பிள்ளை ஏ3 என்றும் எச்3 என்றும் ஓரச் சிப்பாய்களை நகர்த்துகிறது, அல்லது கோட்டையை முன்னும் பின்னும் இழுக்கிறது. அந்த நேரத்தில் எதிராளியின் அரசன் எஃப்8, ஈ7, டி6 என்று நடந்து டி5 க்கு வந்துவிடுகிறான். அதன்பின் அவன் சி4 வழியாக ஒரு பக்கத்தையும் ஈ4 வழியாக மறுபக்கத்தையும் ஒரே நேரத்தில் அச்சுறுத்த, இரண்டையும் காக்க உங்களிடம் ஆள் இல்லை.

திருத்தம் பரிமாற்றத்துக்கு முன்பே தொடங்குகிறது. அரசிகளைப் பரிமாறலாமா என்று யோசிக்கும்போது, காய்களின் மதிப்பை மட்டும் பார்க்காமல், இரு அரசர்களும் மையத்துக்கு வர எத்தனை நகர்வுகள் வேண்டும் என்பதையும் எண்ணுங்கள். எஃப்2, ஜி2, எச்2 சிப்பாய்கள் அசையாமல் நிற்கையில் ஜி1 இலுள்ள அரசன் எஃப்1, ஈ2, டி3, டி4 என்று 4 நகர்வுகளில் மையத்துக்கு வருவான். எதிராளிக்கு 2 நகர்வுகளே போதுமென்றால், அந்தப் பரிமாற்றத்தை ஒன்றிரண்டு நகர்வுகள் தள்ளிப்போட்டு, முதலில் அரசனை எஃப்1 க்குக் கொண்டுவர வழியுண்டா என்று பாருங்கள். மாறாக, எதிராளி டி2 இல் வந்து வெட்ட, உங்கள் அரசன் ஈ1 இலிருந்து டி2 இல் திருப்பி வெட்டும்படி பரிமாற்றம் அமைந்தால், அது அரசனுக்குக் கிடைத்த இலவச அடி. "இனிக் கோட்டை கட்ட முடியாதே" என்று, அரசனையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்தி அரசனை ஓரத்தில் ஒளிக்கும் வாய்ப்புப் போனதை எண்ணிப் பிள்ளைகள் அப்போது வருந்துவதுண்டு. அரசிகள் இல்லாத பலகையில், வேறு நேரடி ஆபத்து இல்லையென்றால், டி2 இலும் ஈ2 இலும் நிற்கும் அரசன் ஜி1 இல் நிற்பவனைவிட நல்ல இடத்தில் இருக்கிறான் என்பதைப் பொறுப்பாசிரியர்கள் அழுத்திச் சொல்லவேண்டும்.

அடுத்த கேள்வி, மையத்தின் எந்தக் கட்டம் என்பது. எதிராளியின் சிப்பாய் வந்து விரட்டமுடியாத கட்டமே நல்லது. டி4 இல் அரசனை வைக்குமுன், கறுப்பின் சிப்பாய் சி5 க்கோ ஈ5 க்கோ வந்து செக் சொல்லுமா என்று பாருங்கள். சொல்லுமென்றால் வந்த அரசன் திரும்பிப் போகநேரும், இரண்டு நகர்வுகள் வீணாகும். கறுப்பிடம் டி5 இல் தனிச் சிப்பாய் நின்று, சி நிரலிலும் ஈ நிரலிலும் அவருக்குச் சிப்பாயே இல்லையென்றால், டி4 ஐ எந்தச் சிப்பாயாலும் தாக்கமுடியாது. அங்கே வந்து அமரும் வெள்ளை அரசன் அந்தச் சிப்பாயை அசையவிடாமல் தடுத்து, அதையே தாக்கியும் கொண்டு, சி5, ஈ5 கட்டங்களையும் தன்வசம் வைத்திருப்பான்.

இரண்டு கோட்டைகளும் குதிரைகளும் இன்னும் பலகையில் இருக்கும்போது ஒரே மூச்சில் டி5 க்கு ஓடவேண்டாம் என்றும் சொல்லவேண்டும். முதலில் ஈ2 அல்லது டி3. காய்கள் குறையக் குறைய முன்னே. நடுப்பலகையின் வாசலில் நிற்பதும் நடுப்பலகையைக் காப்பதுதான்.

அறிகுறி: இரு அரசர்களும் நேரெதிரே நின்றார்கள், நான் விலகவேண்டியதாயிற்று

இந்த அறிகுறியைச் சொல்லும் பிள்ளை ஏற்கெனவே நன்றாக விளையாடுகிறது என்று பொருள். அரசனை மையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. தவறியது கடைசி அடி.

பலகையில் இந்த நிலையை வையுங்கள். வெள்ளை: அரசன் டி4, சிப்பாய்கள் பி4, ஜி4. கறுப்பு: அரசன் டி6, சிப்பாய்கள் பி5, ஜி5. சிப்பாய்கள் நான்கும் ஒன்றையொன்று முட்டி நிற்பதால் அவற்றுக்கு நகர்வில்லை; அரசர்கள் மட்டுமே அசையமுடியும். இருவருக்கும் நடுவே டி5 என்ற ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. இப்படி ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேரெதிரே நிற்பதை எதிர்நிலை என்கிறோம். எதிர்நிலையில் நகரவேண்டிய முறை யாருடையதோ அவருக்கே இடையூறு.

கறுப்பின் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஈ6 க்கு விலகினால் வெள்ளை அரசன் சி5 க்கு நுழைந்து பி5 சிப்பாயை வெட்டுவான். சி6 க்கு விலகினால் வெள்ளை அரசன் ஈ5, எஃப்5 என்று போய் ஜி5 ஐ வெட்டுவான். பின்னாலே நகர்ந்தாலும் இந்த இரண்டு வாசல்களில் ஒன்று திறந்தே இருக்கும். வெள்ளை வெல்லும். இப்போது அதே நிலையில் வெள்ளையின் முறை என்று வையுங்கள். வெள்ளை ஈ4 க்குப் போனால் கறுப்பு ஈ6 க்கு வந்து மீண்டும் எதிரே நிற்பார். வெள்ளை டி4 க்குத் திரும்பினால் கறுப்பு டி6 க்குத் திரும்புவார். ஆட்டம் சமநிலையில் முடியும். வெள்ளை பொறுமையிழந்து டி3 க்குப் பின்வாங்கினாலோ கறுப்பு அரசன் டி5 க்கு முன்னேறிவிடுவான். அப்போது அதே பொறி வெள்ளையின் கழுத்தில் விழும். காய் ஒன்றும் மாறவில்லை, முறை மட்டுமே மாறியது, முடிவு தலைகீழாகிவிட்டது.

ஆகவே திருத்தம் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதலாவது, எதிர்நிலைக்குள் நுழையுமுன் "நான் நுழைந்த பிறகு முறை யாருடையது" என்று கேட்கப் பழகுவது. நீங்கள் நகர்ந்து எதிர்நிலை உருவானால் முறை எதிராளியுடையது. அது உங்களுக்கு நன்மை. இரண்டாவது, உதிரி நகர்வை, அதாவது அரசனை அசைக்காமலே முறையை எதிராளியிடம் தள்ளிவிடும் சிப்பாய் நகர்வை, சேமித்து வைப்பது. மேலே சொன்ன நிலையில் வெள்ளைக்கு ஏ2 இலும் கறுப்புக்கு ஏ6 இலும் ஒரு சிப்பாய் கூடுதலாக நிற்கிறது என்று வையுங்கள். இப்போது வெள்ளையின் முறையாக இருந்தாலும் கவலையில்லை: ஏ2 இலிருந்து ஏ3 க்கு ஒரு சிறு நகர்வு, முறை கறுப்பிடம் போய்விடுகிறது, அவர் அரசனை விலக்கவேண்டும், அல்லது ஏ5 என்று சிப்பாயைத் தள்ளி அதை இழக்கவேண்டும். முந்தைய பகுதியில் சொன்ன அந்த ஏ3, எச்3 நகர்வுகள் ஏன் வீண் என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. அவை வெறுமனே நேரத்தை மட்டும் தின்பதில்லை. இருபது நகர்வுகளுக்குப் பிறகு மையத்தைத் தீர்மானிக்கப்போகும் சேமிப்பை முன்கூட்டியே செலவழித்துவிடுகின்றன.

இதே தத்துவம் "ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் சமநிலை" என்ற முறைப்பாட்டுக்கும் பொருந்தும். வெள்ளை அரசன் ஈ4, சிப்பாய் ஈ3, கறுப்பு அரசன் ஈ6, வேறு காய்கள் இல்லை, வெள்ளையின் முறை: வெல்லமுடியாது. சிப்பாய் மட்டும் ஈ2 இல் நின்றிருந்தால் ஈ3 என்று ஓர் உதிரி நகர்வு கிடைத்து, கறுப்பு விலக, வெள்ளை அரசன் டி5 க்கோ எஃப்5 க்கோ நுழைந்து வெல்வான். சிப்பாயை முன்னே ஓடவிட்டு அரசனைப் பின்னால் நடக்கவிடும் பழக்கமே இதில் பிழை. அரசன் முன்னே, சிப்பாய் பின்னே என்பதே ஒழுங்கு. அரசன் ஈ6, சிப்பாய் ஈ5, எதிரி அரசன் ஈ8 என்ற நிலை வந்துவிட்டால் யாருடைய முறையாக இருந்தாலும் வெள்ளை வெல்லும்.

அறிகுறி: எதிராளியின் சிப்பாய் ஓடியது, என் அரசனால் பிடிக்கமுடியவில்லை

முதலில் சதுர விதியைச் சரிபாருங்கள். ஓடும் சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து அது அரசியாகும் கட்டம் வரையுள்ள நீளத்தைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரத்தை மனத்தில் வரையுங்கள். உங்கள் முறையில் அந்தச் சதுரத்துக்குள் உங்கள் அரசன் காலடி வைக்கமுடியுமானால் பிடிக்கலாம். மையத்தில் நிற்கும் அரசன் பெரும்பாலும் இரு பக்கத்துச் சதுரங்களுக்கும் உள்ளேயோ அருகிலோ இருப்பான் என்பதால், மையத்தைப் பிடித்தவருக்கு இந்த அறிகுறி அரிதாகவே வரும்.

சதுரத்துக்கு வெளியே நின்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதை 1921 இல் சதுரங்க வல்லுநர் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த புகழ்பெற்ற நிலை காட்டுகிறது. வெள்ளை: அரசன் எச்8, சிப்பாய் சி6. கறுப்பு: அரசன் ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை நகர்ந்து சமநிலை செய்யவேண்டும். எச் நிரலில் நேரே துரத்தினால் சிப்பாய் எட்டாது. தன் சிப்பாயைக் காக்கப் போனால் அதுவும் தூரம். வெள்ளை அரசன் இரண்டையும் செய்யாமல் ஜி7, எஃப்6, ஈ5 என்று மூலைவிட்டத்தில் மையத்தை நோக்கி நடக்கிறான். ஈ5 க்கு வந்ததும் அவன் முன்னே இரண்டு வழிகள் திறக்கின்றன: டி6 க்குப் போய்த் தன் சி நிரல் சிப்பாயை அரசியாக்குவது, அல்லது எஃப்4 க்குப் போய் எச் நிரல் சிப்பாயைப் பிடிப்பது. கறுப்பு ஒன்றைத் தடுத்தால் மற்றது நடக்கும். பலகையில் மூலைவிட்டமாக நடப்பதற்கும் நேராக நடப்பதற்கும் அரசனுக்கு ஒரே எண்ணிக்கை நகர்வுகளே ஆகின்றன என்பதால், மையத்தின் வழியே போவதற்கு அவன் கூடுதல் விலை எதுவும் கொடுக்கவில்லை. மையம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிலை ஒன்றை நான் அறியேன். ஒவ்வொரு பிள்ளையும் இதைத் தன் கையால் நகர்த்திப் பார்க்கவேண்டும். சொல்லிக் கேட்டால் போதாது.

அறிகுறி: குதிரையோ மந்திரியோ இருந்தும் உதவவில்லை

அந்தக் காய் எங்கே நின்றது என்று பாருங்கள். ஏ5 இல் வெள்ளைக் குதிரையையும் டி5 இல் கறுப்பு மந்திரியையும் வையுங்கள். குதிரை போகக்கூடிய கட்டங்கள் பி3, சி4, சி6, பி7 என நான்கே. டி5 மந்திரி அந்த நான்கையும் தனியொருவனாகக் காக்கிறது. அங்கே எதிரி அரசன் நடந்து வந்தால் குதிரை பிடிபட்டுவிடும். அதே குதிரை டி4 இலோ ஈ5 இலோ நின்றிருந்தால் எந்த மந்திரியாலும் இப்படி அடைக்க இயலாது. சிப்பாய் ஒன்றை வெட்டுவதற்காகக் குதிரையை ஓரத்துக்கு அனுப்புமுன், அது திரும்பி வரும் வழியை எண்ணுங்கள்.

மந்திரியின் நோய் வேறு. உங்கள் நடுச் சிப்பாய்கள் உங்கள் மந்திரி நடக்கும் நிறத்திலேயே அடைபட்டு நின்றால், மந்திரி தன் சிப்பாய்களாலேயே மறிக்கப்பட்டுக் காவலாளியாகிவிடுகிறது. எதிரி அரசனோ அதன் நிறமல்லாத கட்டங்கள் வழியே அச்சமின்றி உள்ளே வருகிறான். நடுச் சிப்பாய்களை மந்திரியின் எதிர் நிறத்தில் நிறுத்துவதே மருந்து, ஆனால் அதை நடு ஆட்டத்திலேயே கவனிக்கவேண்டும். அடைபட்ட பிறகு செய்யக்கூடியது குறைவு.

அறிகுறி: கோட்டை இறுதிக்கட்டத்தில் எப்போதும் இறுக்கப்பட்டுவிடுகிறேன்

கோட்டைக்கு எங்கே நின்றாலும் 14 கட்டங்கள் என்று முன்பே கண்டோம். எனவே கோட்டையை மையத்தில் வைக்கவேண்டும் என்ற அவசியமில்லை; சொல்லப்போனால் அங்கே எதிரி அரசன் அதைத் தொட்டு விரட்டுவான். கோட்டையின் வேலை, எதிரி அரசனை மையத்துக்கு வரவிடாமல் தடுப்பது. உங்கள் கோட்டை டி நிரலில் நிற்க, எதிரி அரசன் சி நிரலுக்கோ அதற்கு அப்பாலோ இருந்தால், அவனால் டி நிரலைக் கடக்க முடியாது. அந்த நேரத்தில் உங்கள் அரசனும் எஃப் நிரல் சிப்பாயும் முன்னேறலாம். தோற்ற ஆட்டத்தில் உங்கள் அரசன் இப்படி வெட்டி ஒதுக்கப்பட்டிருந்தானா என்று பாருங்கள். ஒதுக்கப்பட்டிருந்தால், அந்த நிரலில் கோட்டைக்குக் கோட்டை பரிமாற்றம் கேட்டு வழியைத் திறந்திருக்கலாமா என்பதே முதலில் ஆராயவேண்டியது.

ஒரு சிப்பாய் குறைவாக நிற்பவருக்கு இங்கே நல்ல அரண் ஒன்று உண்டு. பிரெஞ்சுச் சதுரங்க வல்லுநர் ஃபிலிடோர் 1777 இல் விளக்கிய நிலை அது. வெள்ளை அரசன் டி5, சிப்பாய் ஈ5, கூடவே ஒரு கோட்டை. கறுப்பு அரசன் ஈ8, கோட்டை ஏ6. கறுப்பு அரசன் சிப்பாயின் பாதையிலேயே நிற்கிறான், கோட்டை ஆறாவது நிரையைக் காத்து வெள்ளை அரசனை உள்ளே விடாமல் தடுக்கிறது. சிப்பாய் ஈ6 க்கு வந்தவுடன் கோட்டை ஏ1 க்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் சொல்லத் தொடங்கவேண்டும்; ஒதுங்குவதற்கு வெள்ளை அரசனுக்கு இனி இடமில்லை, ஆட்டம் சமநிலை. சிப்பாய் நகருமுன்பே பொறுமையிழந்து கோட்டையை ஆறாவது நிரையிலிருந்து எடுப்பதுதான் இங்கே வழமையாக நடக்கும் பிழை. பக்கவாட்டிலிருந்து செக் சொல்வதானால், கோட்டைக்கும் சிப்பாய்க்கும் இடையே குறைந்தது மூன்று நிரல்கள் இருக்கவேண்டும். ஈ நிரல் சிப்பாய்க்கு ஏ நிரல் போதும், பி நிரல் போதாது.

அறிகுறி: அரசி இறுதிக்கட்டத்தில் செக் மேல் செக் வந்து வெற்றி போய்விட்டது

உங்கள் அரசி ஓரத்தில் நின்றிருப்பாள். டி5, ஈ4 போன்ற கட்டத்தில் நிற்கும் அரசி எதிராளியின் செக் கட்டங்கள் பலவற்றை முன்கூட்டியே மூடுகிறாள். செக் வந்தாலும் குறுக்கே வந்து மறித்து, சில வேளைகளில் அதே நகர்வில் தானே எதிர்ச் செக் சொல்லவும் வல்லவள். இங்கே மட்டும் மையம் அரசிக்குரியது, அரசனுக்கு அன்று. அரசன் தன் சிப்பாய்களின் மறைவிலோ, எதிரி அரசன் நிற்கும் பக்கத்துக்கு நெருங்கியோ இருக்கட்டும்.

அறிகுறி: என் அரசன்தான் மையத்தில் நின்றான், இருந்தும் தோற்றேன்

இதைக் கவனமாகக் கேட்கவேண்டும், ஏனெனில் மையம் என்பதை மந்திரம்போல் மனனம் செய்த பிள்ளைக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது.

எதிராளிக்கு ஏ நிரலிலோ எச் நிரலிலோ தடையற்ற சிப்பாய், அதாவது தன் நிரலிலும் பக்கத்து நிரல்களிலும் முன்னே எதிரிச் சிப்பாய் எதுவும் இல்லாத சிப்பாய், இருந்ததா? இருந்திருந்தால், அதைத் தடுக்க உங்கள் அரசன் மையத்தை விட்டுப் போகவே வேண்டும். போனதும் எதிரி அரசன் காலியான மையம் வழியாக வந்து மறுபக்கத்துச் சிப்பாய்களை வெட்டுவான். ஓரத்துத் தடையற்ற சிப்பாயின் மதிப்பு அது அரசியாவதில் மட்டும் இல்லை. மையத்திலிருந்து உங்கள் அரசனை இழுத்துப் போவதிலும் இருக்கிறது. மருந்து, அப்படியொரு சிப்பாய் எதிராளிக்கு உருவாக விடாமல் பார்ப்பதே. உங்களுக்கு அது கிடைத்தால், உங்கள் அரசன் மையத்தில் நிற்கும் தருணம் பார்த்து அதை ஓடவிடுங்கள்.

ஆட்டத்தின் முடிவு ஒரு மூலையைப் பொறுத்ததாக இருந்ததா? எச் நிரல் சிப்பாயும், எச்8 ஐத் தொடமுடியாத வெள்ளைக்கட்ட மந்திரியும் மட்டும் வைத்திருப்பவரால், எதிரி அரசன் அந்த மூலைக்கு வந்துவிட்டால், வெல்லமுடியாது. தற்காப்பவருக்கு அப்போது மையம் வேண்டாம், மூலையே வேண்டும்.

இன்னொரு நிலை: அரசன் மையத்தில் வந்து நின்றான், ஆனால் அங்கேயே நின்றுவிட்டான். அப்போதைய உலக வாகையர் காபாபிளாங்கா 1924 இல் நியூயோர்க்கில் டார்ட்டகோவருக்கு எதிராக ஆடிய கோட்டை இறுதிக்கட்டத்தில், தன் கோட்டையை ஏழாவது நிரையில் நிறுத்திவிட்டு, சிப்பாய்களை விட்டுக்கொடுத்து அரசனை ஜி3, எச்4, ஜி5 என ஓரத்து வழியாக நடத்தி எஃப்6 இல் கொண்டுபோய் நிறுத்தினார். சிப்பாய் எண்ணிக்கையில் பின்தங்கியும் அந்த அரசனால் வென்றார். மையம் வேண்டுவது எல்லா வழியும் திறந்திருப்பதற்காக. போகவேண்டிய வழி தெரிந்த பின்பும் அங்கே காத்திருப்பவர் தன் நேரத்தை எதிராளிக்குக் கொடுக்கிறார்.

பழகும் முறை

நம் பகுதியில் வலிய எதிராளிகள் எல்லா ஊரிலும் இல்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நடக்கும் சுற்றுப்போட்டிக்குப் பேருந்தில் வந்து, ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடி, களைத்த வேளையில் சில நிமிடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கப் பிள்ளைகள் இறுதிக்கட்டத்தை அடைகிறார்கள். அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க இயலாது, கை அறிந்திருக்கவேண்டும். நல்லவேளையாக இதற்கு முழுத் தொகுதி காய்கள்கூட வேண்டியதில்லை. பாடசாலையில் குதிரையும் மந்திரியும் தொலைந்துபோன பழைய பெட்டி ஒன்று கிடந்தால், இரண்டு அரசர்களும் சில சிப்பாய்களும் அதில் நிச்சயம் எஞ்சியிருக்கும்.

இரண்டு அரசர்களையும் ஈ1, ஈ8 இலும், எட்டுச் சிப்பாய்களையும் அவற்றின் தொடக்க இடங்களிலும் வைத்து, வேறு காய் எதுவுமின்றி, ஆளுக்குப் பத்து நிமிடங்கள் கடிகாரம் வைத்து ஆடவிடுங்கள். பிறகு பக்கம் மாற்றி மீண்டும் ஆடட்டும். சில நாள்களின் பின் பி4, ஜி4 நிலையை வைத்து, முறையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். அதன் பின்னர் ரெட்டியின் நிலையைத் தீர்வு சொல்லாமல் வையுங்கள். எச் நிரலில் துரத்தித் தோற்கட்டும், மீண்டும் வைக்கட்டும். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் பொறுப்பாசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதற் சிப்பாய் விழுந்தபோது உன் அரசன் எங்கே நின்றான்? விடையைப் பதிவுத்தாளின் அடியில் பிள்ளையே எழுதட்டும்.